மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவு

கோத்தகிரி இ-சேவை மையத்தில்
மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து இருபத்திரண்டு பேர்.
இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று
நவம்பர்தோறும் ரேகை வைத்துச் சொல்ல வேண்டும்.
என் டோக்கன் பதினேழு.

படிவத்தில் ஒரு கட்டம்: கடைசியாகப் பார்த்த வேலை.
விஞ்ஞானி என்று எழுதினால் யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது.
காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுத
இடம் போதாது.

பெங்களூரில் ஜன்னல் இல்லாத கொட்டகை.
நீளக் குழாய், குறுக்கே ஓர் அலுமினியத் தகடு,
தகட்டில் கூட்டல் குறிபோல் கீறிய பள்ளம்.
ஒரு பக்கம் ஹீலியத்தை ஏற்றிக்கொண்டே போவோம்.
தகடு தாங்கும்,
தாங்கும்,
பிறகு தாங்காது.
நான்கு இதழாகப் பிளந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
அப்போது பாய்கிற காற்று ஒலியைப்போல் எட்டு மடங்கு.
பாய்வது ஒரு மில்லி வினாடி.
மாதிரியின் மூக்கு எவ்வளவு சுடுகிறது, அதிர்வலை எங்கே நிற்கிறது,
எல்லாவற்றையும் அதற்குள் கேட்டுவிட வேண்டும்.
அப்புறம் பம்பு ஓடும்.
குழாயைத் துடைப்போம், புதுத் தகடு பொருத்துவோம்,
போல்ட்டு முறுக்குவோம், பொழுது போய்விடும்.

முப்பத்தொரு வருடத்தில்
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் முறை.
தூக்கம் வராத ஓர் இரவில் கூட்டிப் பார்த்தேன்.
காற்று ஓடிய நேரம் மொத்தம்
மூன்று வினாடிக்குச் சற்றுக் குறைவு.
மீதியெல்லாம் துடைத்தது.

முதல் வருடம் நான் வரைந்த மூக்கு ஊசி.
வேகத்துக்குக் கூர்மைதானே அழகு.
வெப்ப அளவி நுனியிலிருந்து உரிந்து வந்தது.
குட்டினோ அதைக் காகிதத்தில் மடித்து என் மேசையில் வைத்தார்,
பல் விழுந்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.
மழுங்கிய மூக்குக்கு முன்னால்தான்
அலை கொஞ்சம் தள்ளி நிற்கிறது,
சூட்டில் பெரும்பங்கைக் காற்றோடு அனுப்பிவிடுகிறது.
நான் பிறக்கும் முன்பே புத்தகத்தில் இருந்த விஷயம்.
எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் மகள் கேட்டாள்.
போய்த் திரும்பி வருகிற கலத்துக்கு என்றேன்.
திரும்பி வராததற்கும் அதே கணக்குதான் என்பதைச்
சொல்லவில்லை.

திரும்புவது என்ற சொல்லோடு எனக்குப் பழைய தகராறு.
பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி
ராமேஸ்வரத்தில் வாந்தியோடு இறங்கியபோது
கையில் ஓர் அட்டை திணித்தார்கள்:
தாயகம் திரும்பியவர்.
அதற்கு முன் நான் இங்கே வந்ததே இல்லை.

“பதினேழு!”

கட்டை விரல் வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
“ரேகை தேஞ்சிருக்கும்மா. எஸ்டேட்ல வேலையா?”
அம்மாவுக்கு எஸ்டேட். எனக்கு அசிட்டோன்.
இரண்டையும் விளக்க வாய் திறந்தேன்.
மெஷினுக்கு அதெல்லாம் தேவையில்லை.

பதினெட்டாம் டோக்கன் ஞானசுந்தரி,
கீழ்க்கோத்தகிரியில் முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவள்,
தோளைத் தட்டினாள்.
“காதுக்குப் பின்னால தேச்சுட்டு வைங்க டீச்சர்.
வெரல்ல எண்ணெயும் சூடும் ஏறணும். எனக்கு வருசா வருசம் இதே ரோதனைதான்.”

தேய்த்தேன். வைத்தேன்.

“மூணு செகண்ட் அசையாம வைங்க,” என்றான் பையன்.

மூன்று வினாடி.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் ஊர்ந்தது.
இவ்வளவு நீளமா அது?
ஒன்று என்பதற்குள் ஆயிரம் தகடு உடைந்தாயிற்று,
ஊசி மூக்கு போயிற்று, குட்டினோ ஓய்வு பெற்றார்.
இரண்டு என்பதற்குள் கொட்டகைக்குப் புதுப் பெயின்ட்,
எனக்கு வெள்ளெழுத்து.
மூ

கரண்ட் போய்விட்டது.

இருட்டில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும்.
தகரத்தின்மேல் மழை மட்டும் தன் வேகத்தில்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் பையன் குடையோடு ஓடினான்.
உயிரோடு இருப்பது முடிவாகாமல்
பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஞானசுந்தரி
கட்டை விரலைக் காதுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள்,
சூடு ஆறிவிடக் கூடாதென்று.